பதினேழாம் எண் போட்ட பாடியும் நான்கு சஸ்பெண்டர்களும்

அன்புள்ள முரளி,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று வந்தது. மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நம் ஊர்த் தமிழ்ச் சபையில் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். சமையல் குறிப்பு தருவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ செய்ததை நாலு பேர் படிக்கும்படி செய்தாய், அதனால் நான் சொல்ல வேண்டியதையும் நாலு பேர் படிக்கட்டும். உனக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும். மலையாளத்தில் எழுதினால் சாயா ஆறுவதற்குள் ஓட்டிவிட்டு, அம்மா ஏதோ கோபத்தில் இருக்கிறாள் என்று மூடி வைத்துவிடுவாய். இதை எழுத்துக்கூட்டிப் படி. எனக்கு அவசரம் இல்லை.

ஐரின் ஆன்ட்டியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதிக்கோ, ஆனால் சரியாக எழுது என்று சொன்னார். ஐரின் என்பது அவர் பெயர் இல்லை என்று உனக்குத் தெரியும். அவருடைய சொந்தப் பெயரை நீ ஒருமுறை ஊருக்குச் சொன்னது போதும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரியில் நம் எதிர்வீட்டில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். ஆங்கிலோ இந்தியக் குடும்பம், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். உன் அப்பா போனபோது உனக்குப் பதினொரு வயது. நான் சுள்ளிக்கல்லில் ஒரு தையல் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்து யூனிபாரத்துக்கு, பாவாடைக்கும் நிக்கருக்கும், இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைப்பது என் வேலை. காலை ஒன்பதுக்குப் போனால் ஆறுக்குத்தான் வருவேன். பள்ளி விட்டு வந்து நீ உட்கார்ந்திருந்தது ஐரின் ஆன்ட்டி வீட்டில். நாம் மீன் சேர்த்துக்கொள்ளாத வீடு என்பதால் உனக்கு முட்டையில்லாத கேக் சுட ஒரு தட்டும், பால் காய்ச்ச ஒரு சட்டியும் அவர் தனியாக வைத்திருந்தார். அந்தச் சட்டியில் அவர் வேறெதுவும் வைத்து நான் பார்த்ததில்லை. நீ இன்று ஹோட்டல்காரர்களிடம் தங்குதடையில்லாமல் இங்கிலீஷ் பேசுகிறாயே, அது அந்தச் சாப்பாட்டு மேசையில் கற்றது.

இரண்டு வருஷத்துக்கு முன் மழைக்காலத் தொடக்கத்தில் அவருக்கு முட்டி விட்டுப்போயிற்று. ஆஸ்திரேலியாவில் இருக்கும் அண்ணன் மகள் வந்து வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டு, கும்பளங்கியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் அவருக்கு ஒரு அறை பார்த்தாள். போவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு மத்தியான நேரம், ஆன்ட்டி தெருவைக் கடந்து நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தலையணை உறை சுருட்டியிருந்தது. கதவைச் சாத்தச் சொன்னார். உள்ளேயிருந்து எடுத்து என் மடியில் விரித்தது ஒரு குழந்தையின் உள்பாடி. கையில்லாதது, கெட்டிப் பருத்தித் துணி, இரண்டு அடுக்காகத் தைத்தது. ஒரு பக்கம் முழுக்க எலும்புப் பொத்தான். கீழ்விளிம்பில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு நாடா தொங்கியது. ஒவ்வொரு நாடாவின் நுனியிலும் ஒரு ரப்பர் குமிழும் அதை மாட்டுகிற கம்பி வளையமும் இருந்தன. கூடவே முழங்காலில் இழையோட்டி அடைத்த, தொடை வரைக்கும் வரக்கூடிய கறுப்புக் காலுறை ஒரு ஜோடி. காலுறை நழுவாமல் இருக்க அதன் மேல்விளிம்பைக் குமிழின் மேல் போர்த்தி வளையத்தில் இறுக்குவார்களாம். சஸ்பெண்டர் என்றார் ஆன்ட்டி. நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் குழந்தைகளுக்கு இது சாதாரண உடுப்பு.

நாள்பூரா எலாஸ்டிக்கோடு கிடந்தவள் அல்லவா நான், கை தானாகவே நாடாவைத் தடவிப் பார்த்தது. ரப்பர் இழை செத்துப்போய், இழுத்தால் நொறுங்கும் போல இருந்தது. குமிழ் நான்கும் காய்ந்த புளியங்கொட்டை மாதிரி கல்லாகிவிட்டிருந்தன. ஒரு நாடா மட்டும் எலாஸ்டிக்கே இல்லை, வெறும் பருத்தி நாடா. முதல் உலகப்போர் சமயத்தில் எலாஸ்டிக் கிடைக்காமல் மாற்றியிருப்பார்கள் என்றார். குழந்தை வளர வளர நாடாவை நீட்டிவிட ஒரு பக்கிள் இருந்தது. அந்தப் பக்கிள் இருந்த இடங்களில் துருக்கறை, விரல் அகலத்துக்கு ஒன்றாக மூன்று கோடு. மூணு வருஷம் ஒரே குழந்தை போட்டிருக்கு ஆன்ட்டி, உயரம் ஏற ஏற இறக்கிவிட்டிருக்காங்க என்று சொன்னேன். அவர் அதுவரை அதைக் கவனித்ததில்லை. அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதார். பாடியின் உட்புறம் சிவப்பு நூலில் பதினேழு என்று எண் தைத்திருந்தது.

அந்தப் பதினேழு, அவருடைய அம்மா. நாலு வயதில் அவளை மலைப்பக்கத்தில் ஒரு அநாதை விடுதியில் யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் என்று அவளுக்கும் தெரியாது, விடுதியிலும் எழுதி வைக்கவில்லை. வாரம் முழுக்க வெறுங்கால். ஞாயிற்றுக்கிழமையும், விடுதிக்கு உதவி செய்கிற பெரியமனிதர்கள் பார்க்க வருகிற நாளும் மட்டும் அந்தக் கறுப்புக் காலுறையும் சஸ்பெண்டரும். வெயிலில் வரிசையாக நிற்க வைப்பார்களாம். தொடையில் கம்பியின் தடம் மறுநாள் வரை இருக்குமாம். பதினாறு வயதில் வெளியே வந்து, துறைமுகத்தில் மெக்கானிக்காக இருந்தவரைக் கட்டிக்கொண்டாள். தன் அப்பா கப்பல் கேப்டன், கடலில் போய்விட்டார் என்று அவரிடம் சொன்னாள். கணவரிடம் சொன்னதைப் பிள்ளைகளிடமும் சர்ச்சிலும் சொன்னாள். எண்பது வயது வரை அதை அவள் மாற்றவில்லை. சாவதற்கு முந்தைய வாரம்தான் ஐரின் ஆன்ட்டியைத் தனியாகக் கூப்பிட்டு, அலமாரிக்குப் பின்னாலிருந்து இந்தப் பாடியை எடுக்கச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னாள். புதைக்கும்போது இதை என் கையில் வை என்று கேட்டாள்.

ஆன்ட்டி வைக்கவில்லை. சவப்பெட்டியைச் சுற்றி உறவினர்களும் பாதிரியாரும் நின்றார்கள், இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துவிட்டேன் என்றார். "அம்மாவுக்கு நான் செய்யலை மோளே. நீ எனக்குச் செய். நான் போகும்போது இதை என் கையில வச்சு விடு. நான் கொண்டுபோய்க் கொடுத்துக்கறேன்." இல்லத்தில் யார் அலமாரியையும் யார் வேண்டுமானாலும் திறப்பார்கள் என்பதால் அதுவரை என்னிடம் இருக்கட்டும் என்றார். நான் அவர் கையைப் பிடித்து, சரி என்றேன். இந்த விஷயத்தை அவர் வாழ்க்கையில் சொன்னது என் ஒருத்தியிடம்தான்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ பிறப்புச் சான்றிதழ் தேடிக்கொண்டு என் அலமாரியைக் கலைத்தாய். தலையணை உறை கையில் தட்டுப்பட்டது. இது என்னம்மா என்று கேட்டாய். யாரோ வைத்துவிட்டுப் போனது, அங்கேயே வை என்று சொல்லியிருந்தால் நீ வைத்திருப்பாய். நான் சொல்லவில்லை. பழைய சாமானைத் தேடிப்பிடித்து ஹோட்டல்களுக்கு அலங்காரம் செய்து கொடுக்கிற உன் வேலையில் நீ வீட்டுக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போவாய். அன்றைக்கு அந்தப் பாடியைப் பார்த்ததும் உன் முகம் மாறிவிட்டது. என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாய். ஒன்று சொன்னால் அடுத்தது கேட்டாய். நான் கண்டுபிடித்த துருக்கோடுகளைக் காட்டினேன், நீ பெரிய கெட்டிக்காரிம்மா நீ என்றாய். இரண்டு மணி நேரம் நீ என் பக்கத்தில் இருந்தாய் முரளி. அப்பா போன பிறகு அப்படி இருந்ததே இல்லை. அந்த ஆசைக்காக, என்னுடையது இல்லாத ஒன்றை எடுத்து உனக்குக் கொடுத்தேன். ஆரிடமும் சொல்லாதே என்று கடைசியில் சொன்னேன். சொன்ன பிறகு சொல்லாதே என்பதற்கு என்ன அர்த்தம் இருக்கிறது?

இன்னொரு பழைய தப்பும் இருக்கிறது, அதை இத்தனை நாள் நான் உன்னிடம் பேசியதில்லை. நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது உன் கிளாஸ் டீச்சர் வழியில் என்னைப் பார்த்து நின்றார். உங்கள் கணவர் படகுத்துறையில் தண்ணீரில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றப்போய் உயிரை விட்டவர் என்று முரளி கட்டுரையில் எழுதியிருந்தான், வகுப்பில் எல்லோரும் எழுந்து நின்றோம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் அப்பா சுக்கும் மிளகும் அடைத்த கிடங்கில் கணக்கெழுதியவர். எலிக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து போனார். கடைசி இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. நான் டீச்சரிடம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கொஞ்ச நேரமாவது என் புருஷன் அப்படிச் செத்தவராக இருக்கட்டுமே என்று எனக்கே தோன்றியது. வீட்டுக்கு வந்து உன்னிடமும் கேட்கவில்லை. அன்றைக்கு உன் காதைத் திருகியிருந்தால் செத்தவர்களின் கதையில் கைவைக்கக்கூடாது என்று உனக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். அது உன் குற்றம் மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து வந்து, பாடியை ஒரு போட்டோ எடுக்க வேண்டும், ரெண்டே நாளில் தந்துவிடுகிறேன் என்று கேட்டாய். எனக்கு மனசில்லை. உன் முகத்தைப் பார்த்துக் கொடுத்தேன். இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று. கேட்கும்போதெல்லாம் ஸ்டூடியோவில் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்றாய். மூன்றாவது வாரம், உனக்கு நிச்சயம் செய்திருந்த பெண் அஞ்சு போன் செய்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. கட்டிக்கொள்ளப் போகிறவன் போனில் ஊருக்கே எழுதிப் போட்டதைப் படித்துப் பூரித்துப்போய், அம்மா கேளுங்கோ என்று மலையாளத்தில் முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

எல்லாம் இருந்தது. ஐரின் ஆன்ட்டியின் பெயர், அவர் வேலை பார்த்த பள்ளி, அவர் அம்மாவின் பெயர், பதினேழாம் எண். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கும் கூலிக்காரிக்கும் பிறந்த குழந்தை என்று நீயாகச் சேர்த்திருந்தாய். எங்கிருந்து எடுத்தாய் அதை? அவளுக்கே தெரியாத அப்பனை நீ எங்கே கண்டுபிடித்தாய்? மூன்று துருக்கோடும் இருந்தது, நீ பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்ததாக. கடைசியில், உலகம் தெரிந்துகொள்ளட்டும் என்று ஆன்ட்டி தன் பேரனைப் போன்ற என்னிடம் இதை ஒப்படைத்தார், இவ்வளவு காலம் காத்துத் தந்த என் அம்மாவுக்கு நன்றி என்று முடித்திருந்தாய். கடற்கரைப் பக்கம் புதுப்பித்த ஒரு பழைய பங்களா ஹோட்டலின் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை இப்போது எல்லோரும் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தாய். அஞ்சு படித்து முடித்து, எப்படி இருக்கும்மா என்று கேட்டாள். நல்லாயிருக்கு என்றேன். வேறு என்ன சொல்வேன் அந்தப் பெண்ணிடம்?

மறுநாள் உன்னை வரச்சொன்னேன். நீ வந்தாய், வருத்தத்தோடு வரவில்லை. அந்த ஹோட்டலுக்கு அலங்கார வேலை முழுவதும் உனக்குக் கிடைப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு நல்ல பொருளைக் காட்ட வேண்டியிருந்தது என்றாய். நான் விக்கலியே, அன்பளிப்பாத்தானே கொடுத்தேன் என்றாய். பிறகு நாம் பேசியது எனக்கு ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது.

"இதுல ஆன்ட்டிக்கு என்னம்மா நாணக்கேடு? அநாதையா வளர்ந்தது அவங்க அம்மா செஞ்ச குத்தமா? இப்போ ஆரும் அதையெல்லாம் குறைச்சலாப் பாக்கறதில்ல."

"அப்போ அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க."

நீ அதைச் சொன்ன விதம்தான் என்னை உடைத்தது. திருட்டுத்தனமாக, தலையைக் குனிந்து சொல்லவில்லை. பஸ் இந்த வழியாகப் போகாது என்று சொல்வது போலச் சொன்னாய். வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. உனக்கு அது ஒரு நியாயமாகவே பட்டது. அன்றைக்கு நான் உன்னைத் திட்டவில்லை என்று நீ ஆச்சரியப்பட்டிருப்பாய். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று எனக்குப் புரியாமல் போய்விட்டது, அதனால் திட்ட வரவில்லை.

ஐரின் ஆன்ட்டிக்குச் செய்தி என் மூலமாகப் போயிருக்க வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு வருவதற்குள் சர்ச்சில் யாரோ போனை நீட்டிக் காட்டிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து அண்ணன் மகள் கூப்பிட்டு, பாட்டியின் அப்பா கப்பல் கேப்டன் இல்லையா, இத்தனை நாள் எங்களை ஏன் ஏமாற்றினீர்கள் என்று கேட்டிருக்கிறாள். நான் கும்பளங்கிக்குப் போன அன்று ஆன்ட்டி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கால்மணி நேரம் அவர் திரும்பவில்லை. பிறகு, நான் கொடுக்கவில்லை என்று நான் இனி யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள் இல்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உன் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவனுக்கு நான் சொல்லவில்லையே, உனக்கல்லவா சொன்னேன் என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன கடுமையான வார்த்தை அதுதான். நியாயமான வார்த்தை.

நான் எழுந்தபோது, அதை எங்கே வைத்திருக்கிறார்கள், நான் பார்க்க வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. அடுத்த புதன்கிழமை காலை நான் ஒரு ஆட்டோ பேசி அவரை அந்த ஹோட்டலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்தார். படியேற இரண்டு காவலாளிகள் பிடித்துக்கொண்டார்கள். கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டி, உள்ளே வெளிச்சம். ஒரு குழந்தை உருவத்தின் மேல் அந்தப் பாடியை மாட்டி, காலுறையை நாடாவில் கோத்துத் தொங்கவிட்டிருந்தாய். அழகாகத்தான் செய்திருந்தாய், அதையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் உன் கதையைச் சுருக்கி ஒரு அட்டை. ஆன்ட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டையை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். எட்டாம் வகுப்புப் பரீட்சைத் தாளைப் படிப்பது போல, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து. சாயா கொண்டு வரட்டுமா என்று கேட்டபடி மேனேஜர் வந்தாள். சின்னப் பெண், நல்ல மரியாதை. அவளைப் பார்த்து ஆன்ட்டி சொன்னது இது, மலையாளமும் இங்கிலீஷுமாகச் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"இதை முன்னும் பின்னும் மாத்தி மாட்டியிருக்கீங்க. பொத்தான் முதுகுப்பக்கம் வரணும். குழந்தை தானே கழட்டிடக்கூடாதுன்னு அப்படித் தைப்பாங்க. வரிசையில பின்னால நிக்கிற பிள்ளைதான் முன்னால நிக்கிறவளுக்குப் போட்டுவிடணும். எங்கம்மாவுக்குப் போட்டுவிட்டது பதினெட்டாம் நம்பர். அந்தக் கடைசி வாரம் முழுக்க அவளைப் பத்தித்தான் அம்மா பேசினா."

எனக்கும் அது தெரியாது. தையல்காரியான நானே பொத்தான் முன்பக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் பெண், அம்மா நீங்கள் யார் என்று கேட்டாள். ஆன்ட்டி அட்டையில் தன் பெயர் இருந்த இடத்தைக் காட்டினார். அந்தப் பெண் பயந்துபோனாள். உள்ளே ஓடி, உரிமையாளர் மனமுவந்து தந்தது என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஆன்ட்டி அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சண்டை போடவில்லை, திருப்பித் தா என்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் பதினெட்டாம் எண்ணைப் பற்றிச் சொன்னார். மூன்று வருஷம் அந்தப் பெண் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். பொத்தான் போடும்போதெல்லாம் காதில் ஒரு பொய் சொல்வாளாம், இன்றைக்கு வருகிற பெரியமனிதர்களில் ஒருவர் உன் அப்பா, கப்பல் கேப்டன், உன்னைக் கூட்டிக்கொண்டு போக வருகிறார் என்று. காலுறை போட்ட நாளெல்லாம் அம்மா அதற்காகத்தான் அசையாமல் நின்றாளாம். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அந்தப் பெண் போய்விட்டாள். அம்மா வெட்கப்பட்டு மறைத்தாள் என்று உன் பையன் எழுதியிருக்கிறான், அம்மா அந்தப் பெண் கொடுத்த அப்பாவை வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான் என்றார் ஆன்ட்டி. நீ சரியாக எழுது என்று அவர் என்னிடம் சொன்னது இதைத்தான்.

ஒன்பது நாள் கழித்து, அன்று வாங்கி வைத்திருந்த என் நம்பருக்கு ஹோட்டலிலிருந்து கூப்பிட்டார்கள். இந்தப் பொருளை வைத்துக்கொள்ள எங்களுக்கு விருப்பமில்லை, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்த கட்ட வேலையை உனக்குத் தரவில்லை என்பது எனக்கு உன் போன் வந்தபோதுதான் தெரியும். பெற்ற தாயே என் காலை வாரிவிட்டாள் என்றாய். நம்பினேன் உன்னை என்றாய். அந்த வார்த்தையை நீ பயன்படுத்தியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் அர்த்தம் உனக்குத் தெரியாமல் இல்லை முரளி. அது உனக்கு நடந்தால் மட்டும் தெரிகிறது.

பாடியை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கும்பளங்கிக்குப் போனேன். போகிற வழியெல்லாம் ஒரு நினைப்பு, இதைக் கையில் கொடுத்தால் பழையபடி ஆகிவிடும் என்று. ஆன்ட்டி வாங்கிக்கொண்டார். விரித்து, நாடா நான்கையும் எண்ணினார், காலுறை இரண்டையும் பார்த்தார், பொத்தான்களைத் தடவினார். உருவத்தில் மாட்டும்போது செத்த எலாஸ்டிக் ஒன்று அறுந்து போயிருந்தது. நான் ஒட்டுப்போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பிறகு நான் பழக்கத்தில், என் அலமாரியிலேயே பத்திரமாக வைக்கிறேன் என்று கை நீட்டினேன். அவர் தரவில்லை.

அங்கே சமையல் செய்யும் ஷைலா என்ற பெண் காபி கொண்டு வந்தாள். அவள் வேலைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகியிருக்காது. ஆன்ட்டி அவளை உட்காரச் சொல்லி, துணியோடு அதை அவள் கையில் கொடுத்து, நான் போகும்போது இதை என் கையில் வைத்துவிட வேண்டும், இது என்ன என்று நீ கேட்கவும் வேண்டாம், யாருக்கும் சொல்லவும் வேண்டாம், முடியுமா என்று கேட்டார். முடியும் அம்மச்சி என்றாள் ஷைலா. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஆன்ட்டி என்னிடம் எந்த விரோதமும் காட்டவில்லை. காபியில் சர்க்கரை போதுமா என்று கேட்டார். உன் கல்யாணம் எந்த மண்டபத்தில் என்று விசாரித்தார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அடுத்த மாதமும் போவேன், அதற்கடுத்த மாதமும் போவேன். அவர் கதவைத் திறப்பார், காபி தருவார். ஆனால் இனி அவர் எதையும் என்னிடம் சொல்ல மாட்டார், எதையும் தர மாட்டார். அறுபது வயதில் எனக்கு இருந்த ஒரே சிநேகம் அது. உன்னால் போயிற்று என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். நம் இரண்டு பேராலும் போயிற்று.

கல்யாணத்துக்கு முன்னால் நீ அவரைப் போய்ப் பார். அவர் மன்னிப்பார் என்று நான் சொல்லவில்லை. போட்டோ எடுக்காதே, போய் வந்ததை எழுதாதே. போனில் இன்னும் இருக்கும் அந்தக் கதையை எடுத்துவிடு. அது எத்தனையோ பேர் கைக்குப் போய்விட்டது என்று சொல்வாய். இருக்கட்டும், உன் கையில் இருப்பதை எடு.

கடைசியாக ஒன்று. இதை நீ மற்றவர் வாயால் கேட்கக்கூடாது, அதனால் நானே சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை புடவை எடுக்கப் போனபோது அஞ்சுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கெட்டவன் இல்லை அஞ்சு, உழைப்பாளி, உன்னைப் பட்டினி போடமாட்டான், கை நீட்டமாட்டான், ஆனால் உன் மனசுக்குள் இருக்கிற எதையும் அவனிடம் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்துக்கொள் என்றேன். எந்தத் தாயும் வரப்போகிற மருமகளிடம் சொல்லக்கூடாத வார்த்தை. சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த புடவையை மடித்து வைத்தாள்.

"எனக்கும் அப்படித் தோணியிருக்கு அம்மா" என்றாள்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவேன்.

உன் அம்மா